இருபத்திமூன்றாம் கால்

காற்றின் வேகம் பதினாலு, பன்னிரண்டுக்குக் கீழே இறங்கட்டும், அப்படியே உட்கார்ந்திருங்கள் என்று ஒலிபெருக்கியில் ஹெல்வியின் குரல் வந்தது. உட்காராமல் வேறென்ன செய்ய. தோளுக்கு மேலிருந்து இறங்கிய இரும்புச் சட்டம் நெஞ்சை அழுத்திப் பூட்டிக்கொண்டு பத்து நிமிஷம் ஆகிறது, அதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான் திறக்க முடியும், நான் நினைத்தாலும் எழுந்து போக முடியாது, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கோதண்டமும் எழுந்து போக முடியாது. மோட்டார் சைக்கிளில் போகிற மாதிரி முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர், அப்படித்தான் இந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். கப்பலின் பத்தொன்பதாவது அடுக்கில், புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு ஆரஞ்சு நிறத் தண்டவாளம் மேலே ஏறி, சாய்ந்து, ஓரிடத்தில் கப்பலை விட்டே வெளியே போய்க் கடலுக்கு மேல் வளைந்து திரும்பி வருகிறது. உல்லாசக் கப்பலின் மொட்டைமாடியில் ஒரு ரோலர் கோஸ்டர். துவாக்குடியில் எங்கள் பட்டறையில் நாற்பத்தியொரு துண்டாக அதை வளைத்து, வெல்டிங் வைத்து, சென்னைத் துறைமுகம் வழியாக பால்டிக் கடலோரத்தில் இருக்கிற கப்பல் கட்டும் துறைக்கு அனுப்பி, கூடவே நாங்களும் வந்து பனியில் நின்று மாட்டினோம். இத்தனை நாளும் தண்ணீர் நிரப்பிய ரப்பர் பொம்மைகள்தான் அதில் ஓடின. இன்றைக்கு, கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்க்கிற இந்த நாலாவது நாளில், முதல் தடவையாக ஆள் உட்கார்ந்து ஓடப்போகிறது. முதல் ஆள் நான், வெல்டிங் ஆய்வாளர் மதியழகன், நாற்பத்தியாறு வயசு. இரண்டாவது ஆள் சைட் இன்சார்ஜ் கோதண்டம், என் தங்கச்சி தேன்மொழியின் வீட்டுக்காரன், அதற்கும் ஒன்பது வருஷம் முந்தியிருந்தே என் சிநேகிதன். அவனுடைய மூச்சு என் பிடரியில் படுகிறது. அவன் முகத்தை நான் பார்க்க முடியாது. பார்க்க முடியாததும் நல்லதுதான் என்று நினைக்கிறேன், உடனே, இல்லை, அவன் முகத்தைத்தான் நான் இப்போது பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் தலையைத் திருப்பவிடாமல் இரண்டு பக்கமும் திண்டு வைத்திருக்கிறார்கள், நானே சரிபார்த்த திண்டு.

ஆமாம் என்றேன். காலையில் எட்டு மணிக்கு ஹெல்வி கேட்டபோது ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். இரண்டரை மணி நேரமாக இந்த ஒரு இடத்திலேயே மனசு சிக்கிக்கொண்டு கிடக்கிறது. ஹெல்வி சான்றிதழ் கொடுக்கிற ஆய்வாளர், ஐம்பது வயசு இருக்கும், வெட்டிப் பேச்சே கிடையாது, என்னைப் பார்த்தால் மட்டும் சிரிப்பாள், ஏனென்றால் நானும் பேசமாட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்புக் காபியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். உன் அளவுகளை எல்லாம் மறுபடி படித்தேன், இருபத்திமூன்றாம் காலில் எடுத்த அளவு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது, இரண்டு பக்கமும் பன்னிரண்டு மில்லிமீட்டர் நகர்கிறது, பிப்ரவரி ஒன்பதாம் தேதி எடுத்திருக்கிறாய், இல்லையா என்று கேட்டுக் கையில் இருந்த திரையை என் பக்கம் திருப்பினாள். என் கையெழுத்து. ழகரத்தின் வால் அடுத்த எழுத்துக்கு அடியில் நீண்டு போகிற என் கையெழுத்து. மேலே கோதண்டத்தின் குண்டு குண்டான எண்கள். இருபத்திமூன்று, பன்னிரண்டு, ஒன்பது, இரண்டு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு நான் காவிரிக் கரையில் மொட்டைத் தலையோடு நின்று அப்பாவுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஹெல்விக்கு அது தெரியாது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். என் வாய் ஆமாம் என்றது. அவள் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தாள். நான் ரொட்டியை எடுத்துக் கடித்தேன். ரொட்டியைக் கடித்தேன், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, வயிறு அதுபாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது.

"என்ன மச்சான், ஊமையாயிட்ட? பயமா?" என்று பின்னாலிருந்து கோதண்டம் கேட்டான். குளிருது என்றேன். "மே மாசத்துல என்ன குளிரு" என்று சிரித்தான். அவன் சிரிப்பை நான் கண்ணை மூடிக்கொண்டும் பார்ப்பேன், கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். வண்டியின் பக்கவாட்டில் மோதிரத்தால் டக் டக் என்று தட்டிக்கொண்டிருக்கிறான், கல்யாணத்தில் எங்கள் வீட்டில் போட்ட மோதிரம். நான்தான் அந்தக் கல்யாணத்தைப் பண்ணிவைத்தேன். ஐடிஐயில் சேர்ந்து படித்து, காட்டூரில் ஒரே அறையில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று, என் சட்டையை அவனும் அவன் சட்டையை நானும் போட்டுக்கொண்டு அலைந்தவர்கள். தேன்மொழிக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வேறு யார் முகமும் தோன்றவில்லை. அப்பா முதலில் முணுமுணுத்தார், அப்புறம் என்னைவிட அவனோடு ஒட்டிக்கொண்டார். இங்கிருந்து நான் போன் பண்ணினால் என்னைப் பற்றிக் கேட்கமாட்டார், மாப்பிள்ளை சாப்பிட்டாரா, மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா என்றுதான் கேட்பார். எனக்கு அதில் வருத்தமே கிடையாது, பெருமையாகத்தான் இருக்கும், நான் கொண்டுவந்து சேர்த்த பிள்ளை அல்லவா. கப்பல் ஒரு அலையில் மெதுவாக ஏறி இறங்குகிறது. இவ்வளவு பெரிய கப்பல் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுக்குத்தான் தெரியும். பதினாலு என்கிறது ஒலிபெருக்கி. இன்னும் பதினாலு.

கப்பல் வளையும் என்று முதல் முதலாகச் சொன்னபோது எங்கள் பட்டறையில் ஒருத்தரும் நம்பவில்லை. இரும்பு, அதுவும் முந்நூறு மீட்டர் நீள இரும்பு, அலையில் ஏறினால் நடுவில் புடைக்கும், இறங்கினால் நடுவில் தொய்யும், வெயில் ஒரு பக்கம் அடித்தால்கூட அந்தப் பக்கம் நீளும். கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினோம். கடைசித் துண்டை மாட்டுகிற அன்று மத்தியானம் பதினோரு மில்லிமீட்டர் இடைவெளி சேரவே இல்லை, கோதண்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான், வெயில் ஏறாத நேரத்தில் பார்ப்போம் என்று நான் சொல்லி, மறுநாள் விடிகிறபோது கிரேனில் தொங்கவிட்டால் சாவி பூட்டுக்குள் போகிற மாதிரி போய் உட்கார்ந்தது, அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். கப்பல் வளைகிறபோது தண்டவாளமும் கூட வளைந்தால் வெல்டிங் தெறித்துவிடும். அதற்காகத்தான் தண்டவாளத்தைத் தாங்குகிற நாற்பத்தியாறு கால்களில் பாதியை நகர்கிற கால்களாகச் செய்தார்கள். அடித்தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை, போல்ட் அதற்குள் விரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் போகலாம், கப்பல் நெளிந்தால் கால் வழுக்கிக் கொடுக்கும், மேலே ஓடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இருபத்திமூன்றாம் கால் அப்படி நகர வேண்டிய கால். கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டு போகிற வளைவின் அடியில் நிற்கிறது. பிப்ரவரி ஐந்தாம் தேதி நான் அதை அளந்தேன். போல்ட் துளையின் ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது, மயிரிழை நகரவில்லை. நான் இல்லாத நேரத்தில் ஜாக்கி வைத்துத் தள்ளி உட்காரவைத்திருக்கிறார்கள். இறக்கு, துளையைத் திரும்ப வெட்டு, இல்லாவிட்டால் வளைவின் பாரம் முழுக்க அந்த ஒரு வெல்டிங்கில் போய் விழும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி கோதண்டத்தின் கையில் கொடுத்தேன். படித்தான். "அனுப்பிடறேன் மச்சான்" என்றான். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான்.

ஏழாம் தேதி அப்பா போய்விட்டார். போன் வந்தது என் போனில் இல்லை, அவன் போனில். தேன்மொழி அவனுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். அவன் ஏணியில் ஏறி வந்து என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், மாமா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு" என்றான், நான் அழுவதற்கு முன்னால் அவன் அழுதுவிட்டான். டிக்கெட் அவன் எடுத்தான். பெட்டியில் துணி அவன் அடுக்கினான். என் ஜாக்கெட் ஈரம் என்று அவன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டான். நாம் ரெண்டு பேரும் போய்விட்டால் வேலை நின்றுவிடும், நான் இங்கேயே கிடக்கிறேன், நீ போய் என் பங்குக்கும் சேர்த்து ஒரு பிடி வாய்க்கரிசி போடு என்றான். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, பையிலிருந்து பத்துப் படிவம் எடுத்தான். "நீ வர பத்து நாளாவும். போல்ட் முறுக்குன அளவெல்லாம் நானே பார்த்து எழுதிக்கறேன். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடு." வெற்றுப் படிவம். இருபது வருஷமாக நான் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்கிற முதல் விஷயம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே என்பதுதான். போட்டேன். முழங்காலில் வைத்துப் பத்துக் கையெழுத்து. பனி கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது, அவன் வைப்பரைப் போட்டுவிட்டு எனக்கு வெளிச்சம் பிடித்தான். அப்போதே அவன் மனசில் இருபத்திமூன்றாம் கால் இருந்ததா. இதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவன் அழுதது அழுகைதானா. கையைப் பிடித்தபோது, ஜாக்கெட்டைக் கழற்றியபோது, அந்தக் கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததா, அல்லது நான் விமானம் ஏறிய பிறகு ஒருநாள் கிரேன் கிடைக்காமல் போய், நேரம் நெருக்கி, கை தானாக அந்தப் படிவத்தை எடுத்ததா. இரண்டில் எது என்றாலும் தகடு நகரப்போவதில்லை. ஆனாலும் மனசு அங்கேதான் போய்ப் போய் முட்டுகிறது. அழுதது பொய் என்றால் அப்பாவுக்காக அழுத ஆள் ஒன்று குறைகிறது.

பத்தொன்பதாம் தேதி திரும்பி வந்தபோது எல்லாக் கால்களுக்கும் ஆரஞ்சுத் தகரக் கூடு போட்டு மூடி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. இருபத்திமூணு என்னாச்சு என்று கேட்டேன். "டிசைன் ஆபீஸுக்கு அனுப்புனேன், கணக்குப் போட்டுப் பார்த்தாங்களாம், பரவால்ல, அப்படியே விடுங்கன்னு பதில் வந்துடுச்சு." அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். பதிலைக் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன், அதுதானே என் வேலை. அவனிடம் கேட்பது அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவினானா என்று முகர்ந்து பார்க்கிற மாதிரி. ஹெல்வி நாற்பத்தியாறு காலில் பத்தைத்தான் நேரில் அளந்தாள், மற்றதற்கெல்லாம் என் கையெழுத்துதான் அவளுக்குக் கண். கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. இங்கிருந்து அந்த வளைவு தெரிகிறது, கப்பலின் விளிம்பைத் தாண்டி வெளியே, கீழே அறுபது மீட்டருக்கு ஒன்றுமே இல்லை. வண்டி அதற்குள் நுழைந்து திரும்பி வெளியே வர மூன்று நொடி. மூன்று நாளாகக் கப்பல் அலையில் ஏறி இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் அந்த வெல்டிங் இழுபட்டிருக்கும், ஆயிரம் தடவையா, பத்தாயிரம் தடவையா. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஜூலையில் ஜனங்கள் ஏறப்போகிறார்கள். முன்னால் ஒரு சின்னப் பெண்ணும் பின்னால் அவள் அப்பாவும் உட்கார்ந்து சிரிக்கிற படம் கீழே லிஃப்ட் பக்கத்தில் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள், தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறேன். இப்போதாவது சொல். வாயைத் திற. காலையில் ஆமாம் என்று சொன்ன வாய்தானே.

"மாப்ள" என்றேன். "ம்" என்றான். "இருபத்திமூணாம் காலுக்குப் பரவால்லன்னு போட்ட பதிலு, யாரு போட்டது?" டக் டக் நின்றது. "டிசைன் ஆபீஸ்தான்" என்றான். "பேரு?" "பேரெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு. எதுக்கு மச்சான் இப்ப அது?" பதின்மூன்று என்றது ஒலிபெருக்கி. "ஒன்பதாம் தேதி மத்தியானம் நான் எங்க இருந்தேன் மாப்ள?" அவன் மூச்சு என் பிடரியில் படுவது நின்றுபோனதிலிருந்து அவன் பின்னால் சாய்ந்துகொண்டான் என்று தெரிந்தது. நான் எதிரே இருக்கிற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். இல்லை என்று சொல்லிவிடு, உனக்கு ஒன்றும் தெரியாது, யாரோ செய்துவிட்டார்கள் என்று சொல், நான் நம்பிவிடுகிறேன் என்று எனக்குள் ஒருத்தன் கெஞ்சிக்கொண்டிருந்தான். "கிரேன் அடுத்த கப்பலுக்குப் போயிடுச்சு மச்சான்" என்றான் கடைசியில். குரல் சாதாரணமாக இருந்தது, அலுத்துப்போன மாதிரி இருந்தது. "எறக்கி ஏத்த பதினாறு நாளுன்னான். பதினாறு நாள் தள்ளிப்போனா நம்மள மூட்டையக் கட்டச் சொல்லியிருப்பான், அடுத்த ரெண்டு கப்பலும் போயிருக்கும். அங்க துவாக்குடியில அறுபது பேரு. நீ அழுதுகிட்டுக் கெடந்த, ஒங்கிட்ட நான் இதப் போயிக் கேக்கவா? எல்லாத்துலயும் கொஞ்சம் கூடுதலாத்தான் கணக்குப் போட்டிருப்பான், ஒரு காலு நகரலன்னா ஒண்ணும் ஆவாது. எனக்கு நம்பிக்கை இல்லாமயா நான் ஒம் பின்னாடி ஒக்காந்திருக்கேன்?"

உண்மைதான், உட்கார்ந்திருக்கிறான். என்னோடு வருகிறேன் என்று அவனாகத்தான் பெயர் கொடுத்தான். அது தைரியமா, நிஜமாகவே அப்படி நம்புகிறானா, அல்லது தன் பொய்யைத் தானே நம்புவதற்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்தானா. ஒரு கணம் எனக்கே அது சரிதான் என்று தோன்றியது, ஒரு சுற்று, ஒரு நிமிஷத்துக்கும் குறைவு, ஓடிவிட்டு இறங்கி, அப்புறம் யாருக்கும் தெரியாமல் அவனை வைத்தே அந்தக் காலைச் சரிசெய்ய வைக்கலாம், தேன்மொழி, அவள் இரண்டு பிள்ளைகள், அந்த அறுபது பேர். எனக்குத் தெரிந்த கோதண்டம் அப்போது கெஞ்சியிருப்பான், கெஞ்சியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவன் கெஞ்சவில்லை. முன்னால் சாய்ந்து, என் காதுக்குப் பக்கத்தில், ரொம்பப் பிரியமாக, பிள்ளைக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னான்: "யோசிச்சுக்க மச்சான். நாளைக்கு ஒண்ணுன்னா அவங்க பாக்கப்போறது கையெழுத்தத்தான். அது என்னுது இல்ல." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் பயந்துபோய் அந்தப் படிவத்தை எடுக்கவில்லை. எண்ணை எழுதுகிறபோதே யார் தலையில் விடியும் என்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். என் அப்பா வெந்துகொண்டிருந்த மத்தியானத்தில் என் பெயருக்கு மேலே பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறான். வலி எங்கே என்று தேடினேன். நெஞ்சில் இல்லை, வலது கையில் இருந்தது, மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும், பத்துக் கையெழுத்துப் போட்ட கையில்.

பதினொன்று என்றாள் ஹெல்வி. பதினொன்று, அதிலேயே நிற்கிறது, தயார் என்றால் கட்டைவிரலைக் காட்டுங்கள். தயார் இல்லையென்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி வைக்க வேண்டும், அதைக் காலையிலேயே சொல்லித்தந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் கோதண்டத்தின் கட்டைவிரல் ஏறியிருக்கும். நான் கையைத் தூக்கினேன். ரொம்ப மெதுவாகத்தான் தூக்கினேன், யாராவது நடுவில் ஏதாவது சொல்லித் தடுக்கமாட்டார்களா என்கிற மாதிரி. "மச்சான், கையை எறக்கு" என்றான். "மதி, டேய், எறக்குடா." மணிக்கட்டு மணிக்கட்டின் மேல் பட்டது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். வண்டியின் அடியில் மின்சாரம் அடங்குகிற ஓசை கேட்டது, சட்டம் நெஞ்சை விட்டு ஏறியது, ஒரு பெரிய மூச்சு தானாக உள்ளே போனது. ஹெல்வி தொப்பியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். உடம்பு சரியில்லையா என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னேன்: இருபத்திமூன்றாம் காலின் தாளில் இருப்பது என் கையெழுத்து, ஆனால் அது என் அளவு இல்லை, அன்றைக்கு நான் ஒரு சாவுக்காக இந்தியா போயிருந்தேன், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான், காலையில் நீ கேட்டபோது நான் ஆமாம் என்று சொன்னது பொய். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கோதண்டத்தைப் பார்த்தாள். அவன் வண்டியிலிருந்து இறங்கி நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு விரலாக, கவனமாக. அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கூட்டைத் திற என்று என்னிடம் சொன்னாள்.

தகரக் கூட்டைக் கழற்றி, வெல்டிங்கைச் சுற்றி இருந்த பெயிண்டைச் சுரண்டி, சிவப்பு மையை அடித்தோம். விரிசல் இருந்தால் மை அதற்குள் இறங்கிக்கொள்ளும், மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தூவினால் உள்ளே இருக்கிற சிவப்பு கசிந்து கோடாக வெளியே வரும். மை இறங்கப் பத்து நிமிஷம், பொடி தூவி இன்னொரு பத்து நிமிஷம். மூன்று பேரும் அந்தக் காலைச் சுற்றிக் குந்தியிருந்தோம், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும், இப்போது வரும். எத்தனை வருஷமாக இப்படிக் குந்தி உட்கார்ந்து, வராதே, வராதே என்று வேண்டிக்கொண்டு வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, வா என்று பார்த்தேன். ஒரு கோடு வேண்டும் எனக்கு, அரிசி நீளத்துக்காவது ஒன்று. இவன் எனக்குச் செய்ததற்கு உருவமாக, கண்ணால் பார்க்கிற மாதிரி, விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஏதாவது வேண்டும், ஜனங்கள் உட்கார்ந்து ஓடப்போகிற தண்டவாளத்தில் விரிசல் வேண்டும் என்று ஒரு வெல்டிங் ஆய்வாளன் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னை அந்த இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டான். பத்து நிமிஷம் ஆயிற்று. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஹெல்வி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கோதண்டத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை, "பாத்தியா" என்றான், "நான் சொன்னேன்ல, பாத்தியா."

ஹெல்விக்கு அவன் சொன்னது புரியவில்லை, புரிந்தாலும் பொருட்படுத்தியிருக்கமாட்டாள். அளவு எடு என்றாள். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளை விசிறி மாதிரி விரித்து, இருப்பதிலேயே மெல்லியதை எடுத்து போல்ட்டுக்கும் துளையின் மூலைக்கும் நடுவில் வைத்தேன். நுழையவில்லை. அவளும் வைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. பூஜ்யம் என்று அவள் எழுதினாள். இன்றைக்கு இது தெறிக்கவில்லை, ஐந்து வருஷம் கழித்து, குளிர்காலத்தில், பெரிய அலையில், யாருக்குத் தெரியும் என்றாள். காலைத் திரும்ப வெட்டி உட்காரவைக்கிற வரைக்கும் வண்டி ஓடாது என்றாள். என் கையெழுத்து இருக்கிற தாள்கள் எல்லாவற்றையும், நூற்றுப் பதினெட்டுத் தாள், இன்னொரு ஆளை வைத்துத் திரும்ப அளக்கப் போவதாகவும், இந்தக் கப்பலில் இனிமேல் நான் எதிலும் கையெழுத்துப் போட முடியாது என்றும், கரைக்குப் போனதும் எங்கள் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் கப்பல் கட்டும் துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. போகிறபோது ஒரு தடவை திரும்பி, உன் அப்பாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றி ஒரு நொடி கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனாள்.

நானும் அவனும் மட்டும் நின்றோம். அவன் என் பக்கத்தில் வந்தான். முகம் தெளிந்திருந்தது, ஜுரம் விட்ட ஆள் மாதிரி இருந்தான், அந்த வெள்ளைப் பொடி எல்லாவற்றையும் தீர்த்துவைத்துவிட்ட மாதிரி. "ஒண்ணுமில்ல மச்சான், பதினாறு நாளு, வெட்டி ஒக்கார வெச்சுடலாம், ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். நீயும் கோவத்துல பண்ணிட்ட, நானும் அவசரத்துல பண்ணிட்டேன், விடு. தேன்மொழிக்கு மட்டும் இது தெரிய வேணாம். மாமா போனதுலயே பாதி ஆளாயிட்டா, அவ தாங்கமாட்டா. நீ சொல்லமாட்டல்ல?" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் கை போட்டான். கனமான, சூடான கை. வைய வேண்டும் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து தெரிந்த வசவு எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தேடிப் பார்த்தேன், எதுவும் அவனுக்கு அளவாக இல்லை. "கையை எடுங்க" என்றேன். அவனுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "என்ன மச்சான்?" என்றான். "கையை எடுங்க. நீங்க முன்னால போங்க. நான் அப்புறமா வர்றேன்." தாளுக்கு அவனிடம் பதில் இருந்தது, கையெழுத்துக்குப் பதில் இருந்தது, கிரேனுக்கும் அறுபது பேருக்கும்கூடப் பதில் இருந்தது. இந்த 'நீங்க'வுக்கு இல்லை. கீழுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, ஆனால் சிரிப்பு வரவில்லை. "ஏன் மதி" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. கை தோளை விட்டு இறங்கியது. இரும்புப் படியில் அவன் இறங்குகிற சத்தம் ஒவ்வொரு அடுக்காகக் கீழே போய்க்கொண்டே இருந்தது, பதினெட்டு, பதினேழு, பதினாறு, நான் நின்ற இடத்திலேயே நின்று, அது கேட்காமல் போகிற வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன்.